மலை உயரத்தில் உடம்பின் ஆக்சிஜன் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லே, முக்திநாத், கயிலாயம் என்று கிளம்புகிறவர்கள் கேட்பதும், எவரெஸ்ட் செய்திகளைப் படித்துவிட்டுக் கேட்பதும் இங்கே கலந்து வரும். மூச்சைப் பற்றியும் இரத்தத்தைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆக்சிஜன் குறைந்தால் ஒவ்வொரு செல்லும் எரிபொருளை எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதை யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை. என்னைக் கேட்டால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. அதனால் அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் நீளும்.

மலை மேலே காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பது சரியா?

பாதி சரி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு மெரினாவிலும் எவரெஸ்ட் உச்சியிலும் ஒன்றுதான்: சுமார் 21 சதவீதம். குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 760 மி.மீ. பாதரசம் இருக்கும் அழுத்தம், 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லேவில் ஏறக்குறைய 500தான். லே கடைகளில் சிப்ஸ் பாக்கெட்டுகள் வெடித்துவிடும் போல உப்பிக்கொண்டு தொங்குவதற்கும் இதுதான் காரணம். உள்ளே இருப்பது கீழே அடைத்த காற்று, வெளியே அதை அழுத்திப் பிடிக்க ஆள் இல்லை.

எவரெஸ்ட் உச்சியில் எவ்வளவு என்று 1981 வரை யாரும் நேரில் அளந்ததில்லை. அந்த ஆண்டு அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று அழுத்தமானியை உச்சிவரை கொண்டுபோய் 253 மி.மீ. என்று குறித்தது. மூச்சுக்குழாயில் சேரும் நீராவியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நாம் இழுக்கும் மூச்சில் ஆக்சிஜனின் அழுத்தம் கடல் மட்டத்தில் 150, உச்சியில் 43. அதாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஊட்டி, கொடைக்கானல் போனாலே இதெல்லாம் தொடங்கிவிடுமா?

ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் அதைவிடச் சற்றுக் குறைவு. அந்த உயரத்தில் நுரையீரலுக்கு வரும் ஆக்சிஜன் குறைந்தாலும் ஹீமோகுளோபின் அதைப் பிடித்துக்கொள்ளும் அளவு பெரிதாகக் குறையாது. விஷயம் சூடுபிடிப்பது 2,500 மீட்டருக்கு மேல். ஊட்டியில் நான்கு படி ஏறியதும் மூச்சு வாங்கினால் மலையைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் நடைப்பழக்கம் இல்லாததுதான் காரணம்.

போய் இறங்கியதும் உடம்பு முதலில் என்ன செய்கிறது?

வேகமாக மூச்சு விடுகிறது. கழுத்தின் இருபுறமும் தமனி கிளை பிரியும் இடத்தில் கரோட்டிட் உறுப்பு என்று ஒன்று உண்டு, அரிசிமணி அளவுதான். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைக் கண்டுபிடித்து மூளைக்குச் சொல்வது அதன் வேலை. சேதி போனதும் மூச்சு கூடும், இதயம் வேகமாகத் துடிக்கும்.

இதில் ஒரு சிக்கல். வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, இரத்தம் காரத்தன்மைக்குச் சாய்கிறது. அது மூச்சைக் குறைக்கச் சொல்லி மூளைக்குக் கட்டளை கொடுக்கிறது. ஒரு பக்கம் வேகமாக விடு, இன்னொரு பக்கம் நிறுத்து! தூக்கத்தில் சில விநாடிகள் மூச்சே நின்று, அப்புறம் திணறி எழுவது இந்த இழுபறியால்தான். பக்கத்தில் படுத்திருப்பவர் பார்த்தால் பயந்துபோவார்.

இதைத் தீர்ப்பது சிறுநீரகம். இரண்டு மூன்று நாளில் பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சிறுநீரில் வெளியேற்றி இரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறது. அசிட்டசோலமைட் மாத்திரை (டயமாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும்) செய்வதும் இதே வேலையைத்தான், சீக்கிரமாக.

சிவப்பணுக்கள் கூடுவதுதானே முக்கியமான மாற்றம்?

பள்ளிப் பாடத்தில் அப்படித்தான் இருக்கும். என் கணக்கில் அதற்கு அளவுக்கு மீறிய பெயர். முதல் இரண்டு நாளில் ஹீமோகுளோபின் கூடியதாகப் பரிசோதனையில் தெரிவது புது அணுக்களால் இல்லை. இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவதால் அணுக்கள் நெருங்கி நிற்கின்றன, அவ்வளவுதான். எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் சில மணி நேரத்திலேயே ஏறிவிடும். ஆனால் அதன் சொல் கேட்டு எலும்பு மஜ்ஜை புது அணுக்களைப் போதுமான அளவு தயாரிக்க வாரக்கணக்கில் ஆகும். அதற்கு இரும்புச்சத்தும் கையிருப்பில் இருக்க வேண்டும். ஒரு வாரச் சுற்றுலா போகிறவருக்கு இதனால் பலன் கிடைக்கும் முன்பே ஊர் திரும்பும் நாள் வந்துவிடும்.

ஆக்சிஜன் குறைந்தது செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் இந்தக் கேள்விக்குத்தான். வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

செல்லுக்குள் ஹிஃப் என்று ஒரு புரதம் ஓயாமல் தயாராகிறது. தயாரான சில நிமிடங்களில் அழிக்கவும்படுகிறது. எப்படி என்றால், ஒரு நொதி ஆக்சிஜனை எடுத்து ஹிஃப் மீது ஒட்டுகிறது. ஒட்டியதும் வி.ஹெச்.எல். என்ற இன்னொரு புரதம் அதை அடையாளம் கண்டு குப்பைக்கு அனுப்புகிறது. நாம் சமவெளியில் நிம்மதியாக இருக்கும்போது நடப்பது இதுதான்: ஆக்கி ஆக்கி அழிப்பது. வீண்வேலை மாதிரி தோன்றும். ஆனால் ஆக்சிஜன் குறைந்த மறுகணம் இதன் அருமை தெரியும். ஒட்ட ஆக்சிஜன் இல்லை, அதனால் ஹிஃப் அழியாமல் தங்கிவிடுகிறது. புதிதாகத் தயாரிக்கக் காத்திருக்க வேண்டாம். தங்கிய ஹிஃப் செல்லின் கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்குகிறது.

எரித்ரோபாய்டின் கூடுவது அவற்றில் ஒன்று. அதே நேரத்தில் குளுக்கோஸைச் செல்லுக்குள் இழுக்கும் வாசல்கள் கூடுகின்றன, குளுக்கோஸைச் சிதைக்கும் நொதிகள் கூடுகின்றன, குளுக்கோஸிலிருந்து வரும் பைருவேட், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் (ஆக்சிஜனை வைத்து எரிபொருளை எரிக்கும் செல்லின் உலை) போகும் வழியில் ஒரு தடுப்பு விழுகிறது. செல் வளர்ப்புச் சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது: மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கடைசியாகக் கையாளும் நொதியின் ஒரு பாகத்தையே ஹிஃப் கழற்றி, குறைந்த ஆக்சிஜனுக்கு ஏற்ற வேறு பாகத்தை மாட்டுகிறது. வரவைக் கூட்டும் வேலையும் செலவைக் குறைக்கும் வேலையும் ஒரே கையில்.

சரி, அந்த உயரத்தில் உடம்பு எரிப்பது சர்க்கரையா, கொழுப்பா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை முழுதாக எரிக்க 6 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும், கிடைப்பது சுமார் 31 ஏடிபி. (செல் எந்த வேலை செய்தாலும் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு ஏடிபி.) பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை எரிக்க 23 ஆக்சிஜன் வேண்டும், கிடைப்பது சுமார் 106. வகுத்துப் பாருங்கள். ஓர் ஆக்சிஜனுக்குக் குளுக்கோஸ் 5.2 தருகிறது, கொழுப்பு 4.6. எடைக்கு எடை பார்த்தால் கொழுப்பில் இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் இருக்கிறது. ஆனால் மலை மேல் தட்டுப்பாடு எடைக்கு இல்லை, ஆக்சிஜனுக்கு. அந்தக் கணக்கில் சர்க்கரைதான் 10 சதவீதத்துக்கும் மேல் லாபம்.

அப்படியானால் உடம்பு நேராகச் சர்க்கரைக்குத் தாவிவிடுகிறதா? இங்கேதான் ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. அமெரிக்காவில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தில் ஆண்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் குளுக்கோஸ் பயன்பாடு கூடியது. பெண்களிடம் அதே மாதிரி காணவில்லை. அதோடு, மலையில் அதே சைக்கிளை அதே வேகத்தில் மிதிப்பதே உடம்புக்குக் கூடுதல் கஷ்டம். கஷ்டம் கூடினாலே சர்க்கரை அதிகம் எரியும், சமவெளியிலும் அப்படித்தான். அவரவர் சக்திக்கு ஏற்ற அளவு மிதிக்கவைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோகிறது.

இன்னொரு தடையும் இருக்கிறது. உடம்பு சர்க்கரையைச் சேமித்துவைக்கும் வடிவமான கிளைகோஜன் சில நூறு கிராம்தான். ஒரு நாள் முழுக்க ஏறினால் காலி. கொழுப்போ கிலோக்கணக்கில் இருக்கிறது. எரிக்க ஆக்சிஜன் அதிகம் கேட்டாலும் அதை விட்டுவிட முடியாது. மலையேறுபவர்கள் சாதம், உருளைக்கிழங்கு, நூடுல்ஸ், சர்க்கரை போட்ட டீ என்று மாவுச்சத்தையே தேடுவதில் நியாயம் இருக்கிறது என்பதுவரை தைரியமாகச் சொல்லலாம்.

மைட்டோகாண்ட்ரியா கூடுமா, குறையுமா?

கூடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இடம் அதுதானே, கொஞ்சமாவது கிடைப்பதைப் பிடிக்க அதிகம் வேண்டாமா? நடப்பது நேர்மாறு. எவரெஸ்ட் போன்ற சிகரங்களில் வாரக்கணக்கில் இருந்து திரும்பியவர்களின் தொடைத்தசையிலிருந்து துளி எடுத்துப் பார்த்தபோது மைட்டோகாண்ட்ரியாவின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தசைநார்களும் மெலிந்திருந்தன. மெலிந்ததில் ஒரு நன்மை: இரத்தக் குழாயிலிருந்து செல்லின் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் போக வேண்டிய தூரம் சுருங்குகிறது.

இதைத் தகவமைப்பு என்பதா, தேய்மானம் என்பதா? இரண்டும்தான் என்பது என் எண்ணம். ஆக்சிஜன் பற்றாத நிலையில் ஓடும் மைட்டோகாண்ட்ரியா, செல்லைச் சேதப்படுத்தும் மூலக்கூறுகளை அதிகம் உமிழும். ஆகவே சிலவற்றை மூடிவிடுவது புத்திசாலித்தனம். ஆனால் சமவெளிக்காரர் உடம்பு இதில் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தசையையே கரைத்துவிடுகிறது.

ஆக்சிஜன் இல்லாவிட்டால் லாக்டிக் அமிலம் நிறையச் சேருமே?

சேர வேண்டும், ஆனால் மலைக்குப் பழகியவருக்குச் சேர்வதில்லை. மலைக்குப் புதிதாக வந்தவருக்கு லாக்டேட் (இரத்தத்தில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம்) கூடுவது உண்மை. சில வாரங்கள் பழகியபின் அவரை முழு மூச்சாக உழைக்கச் சொன்னால் லாக்டேட் சமவெளியில் ஏறியதைவிடக் குறைவாகவே ஏறுகிறது. 1935இல் சிலி நாட்டு மலைகளுக்குப் போன ஆய்வுக் குழு இதைக் கவனித்தது. லாக்டேட் முரண் என்று பேர். காரணம் என்ன, மாதக்கணக்கில் தங்கினாலும் நீடிக்குமா என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை.

இதற்கு மறக்கமுடியாத சாட்சி 2007இல் கிடைத்தது. பிரிட்டிஷ் மருத்துவர்கள் சிலர் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும் வழியில், 8,400 மீட்டரில் நின்று, கனமான இறகு உடையைத் திறந்து, இடுப்புக்குக் கீழே தொடைத் தமனியில் ஊசி போட்டு ஒருவருக்கொருவர் இரத்தம் எடுத்துக்கொண்டார்கள். உச்சியிலேயே எடுப்பதாகத்தான் திட்டம், குளிரும் காற்றும் விடவில்லை. இரத்தம் நிறைந்த ஊசிகளை ஒரு ஷெர்பா (எவரெஸ்ட் பகுதி மலைவாசி) வாங்கிக்கொண்டு 6,400 மீட்டரில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். நான்கு பேரின் சராசரி ஆக்சிஜன் அழுத்தம் 24.6 மி.மீ., ஒருவருக்கு 19.1. சமவெளி மருத்துவமனையில் இந்த எண் வந்தால் அவசரப் பிரிவே அலறும். இவர்களோ பேசிக்கொண்டு நடந்தார்கள். லாக்டேட் சராசரி 2.2 மில்லிமோல்தான், இயல்பைவிடக் கொஞ்சம் மேலே.

ஷெர்பாக்களுக்கு மட்டும் எப்படி முடிகிறது? இரத்தம் அதிகமா?

இல்லை, அதுதான் வேடிக்கை. இமயத்திலும் ஆண்டிஸ் மலையிலும் ஏறக்குறைய 4,000 மீட்டரில் வாழும் ஆண்களை ஒப்பிட்டார்கள். பொலிவியாவின் அய்மாரா மக்களுக்கு ஹீமோகுளோபின் சராசரி 100 மி.லி. இரத்தத்துக்கு 19.2 கிராம், ஷெர்பாக்களின் நெருங்கிய உறவினரான திபெத்தியர்களுக்கு 15.6. பிந்தையது ஏறக்குறைய நம் ஊர் ஆணின் அளவு. ஹீமோகுளோபின் மிகவும் கூடினால் இரத்தம் குழம்பாகி இதயத்துக்குச் சுமை. ஆண்டிஸில் அதுவே ஒரு நோய், 1920களில் அதை விவரித்த பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கேயின் பெயரால் வழங்குகிறது. திபெத்தியர்களிடம் அது மிகக் குறைவு. ஹிஃப் குடும்பத்தைச் சேர்ந்த ஈபாஸ்1 என்ற மரபணுவில் அவர்களுக்குத் தனி வடிவம் இருப்பது 2010இல் தெரிந்தது. அழிந்துபோன டெனிசோவன் என்ற மனித இனத்திடமிருந்து அது வந்திருக்கிறது என்று 2014இல் கண்டுபிடித்தார்கள். அப்படிப் பார்த்தால், இன்றைய ஷெர்பாவின் உடம்பில் ஓடுவது ஒரு பழைய கலப்புத் திருமணத்தின் சீதனம்.

எரிபொருள் கதை 2017இல் வந்தது. ஷெர்பாக்களையும் சமவெளிக்காரர்களையும் 5,300 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு அழைத்துப்போய்த் தசைத் துளிகளை ஒப்பிட்டார்கள். ஷெர்பாக்களின் தசை கொழுப்பை எரிப்பது குறைவு, கிடைத்த ஆக்சிஜனிலிருந்து ஏடிபி எடுக்கும் திறன் அதிகம். கொழுப்பை எரிப்பதைக் கட்டுப்படுத்தும் பிபார்-ஆல்ஃபா மரபணுவின் வடிவமும் அவர்களிடம் வேறு. தங்கத் தங்கச் சமவெளிக்காரர் தசையின் ஆற்றல் இருப்பு வடிந்தது, ஷெர்பாவின் இருப்பு குறையவில்லை. வரத்து குறைந்த வீட்டில் கடன் வாங்கிக் காலம் தள்ளுவது நம் வழி, சிக்கனமாகக் குடும்பம் நடத்துவது அவர்கள் வழி.

மலைக்குப் போனால் பசிக்கவே மாட்டேன் என்கிறதே? எடை குறைக்க இது வழியா?

பசி போவது உண்மை. எடை குறைவதும் உண்மை. குளிராலும் நடையாலும்தான் என்று நீண்ட நாள் நினைத்தார்கள். 1985இல் அமெரிக்காவில் எட்டு ஆண்களை ஓர் அழுத்தக் கூண்டில் 40 நாள் வைத்து, அழுத்தத்தை மெல்ல மெல்ல எவரெஸ்ட் உச்சி அளவுக்கு இறக்கினார்கள். குளிர் கிடையாது, ஏற்றம் கிடையாது, பிடித்த சாப்பாடு எப்போது வேண்டுமானாலும். அப்படியும் உணவு நாளுக்கு 3,136 கலோரியிலிருந்து 1,789ஆக விழுந்தது. முடித்தவர்கள் சராசரியாக 7 கிலோவுக்கும் மேல் இழந்தார்கள். சாப்பாட்டு மேசை பக்கத்திலேயே இருந்தும் கை போகவில்லை!

முதல் நாட்களில் சும்மா படுத்திருந்தாலே ஆற்றல் செலவு 10 சதவீதத்துக்குக் குறையாமல் கூடும், வரவோ குறையும். கரைவதில் தசையும் உண்டு என்பதால் இதை எடை குறைப்புத் திட்டமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பயணத்தில் வேளைக்கு ஒரு முழுச் சாப்பாடு என்பதை மறந்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுங்கள்.

மனிதன் நிரந்தரமாக வாழ எல்லை எவ்வளவு?

பெருவின் லா ரின்கோனாடா சுரங்க ஊர் சுமார் 5,100 மீட்டரில் இருக்கிறது. அதற்கு மேலே ஊர் இல்லை. 1960-61இல் 5,800 மீட்டரில் குடிசை போட்டுக் குளிர்காலம் முழுக்கத் தங்கிய, எவரெஸ்ட் ஏறிய ஹிலாரியின் ஆய்வுக் குழு, நல்ல சாப்பாடு இருந்தும் வாராவாரம் மெலிந்துகொண்டே போனது. பழகுவதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு.

அம்மா அப்பாவை முக்திநாத், கயிலாயம் அழைத்துப்போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

வேகத்தை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான முக்திநாத் சுமார் 3,750 மீட்டர். பொக்காரா 800 மீட்டர்தான். அங்கிருந்து விமானத்தில் ஜோம்சோம், அப்புறம் ஜீப் என்று ஒரே காலையில் மேலே போய்விடலாம். தரிசனம் முடித்து அன்றே இறங்கிவிடுவதால் பெரும்பாலோர் தப்பிக்கிறார்கள். கயிலாய யாத்திரை அப்படியில்லை. மானசரோவர் 4,590 மீட்டர், அங்கேயே இரவு தங்கல். பரிக்கிரமாவில் வரும் டோல்மா கணவாய் 5,600க்கும் மேல்.

இந்தியா இதைப் படித்தது கசப்பான வழியில். 1962 போரின்போது சமவெளி வீரர்களை அவசரமாக மலைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. அதையொட்டி இந்திய ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் குழுவினரும் 1,925 வீரர்களை வைத்து மலை நோய் பற்றி 1969இல் வெளியிட்ட கட்டுரையை உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். இன்றைய ராணுவ முறைப்படி 2,700 மீட்டரைத் தாண்டியதும் 6 நாள், 3,600 தாண்டியதும் 4 நாள், 4,500 தாண்டியதும் மேலும் 4 நாள் பழக வேண்டும். இருபது வயது ஜவானுக்கே இவ்வளவு. சுற்றுலாத் திட்டம் போடுபவர் எழுபது வயதுக்காரருக்கு ஒரு நாள் ஓய்வுகூட வைக்கவில்லை என்றால் கேளுங்கள்.

3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். தலைவலி, குமட்டல் வந்தால் மேலே ஏற வேண்டாம். படுத்தாலும் மூச்சுத் திணறல், நுரையோடு இருமல், நடை தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் உடனே இறக்குங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அசிட்டசோலமைட் வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள்?

முதல் சில நாள் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சர்க்கரை கூடலாம். பசி குறைந்து நடை கூடினால் திடீரென்று இறங்கவும் செய்யலாம். போதாக்குறைக்கு, குளிரிலும் உயரத்திலும் குளுக்கோமீட்டரே தவறாகக் காட்டும். மீட்டரையும் இன்சுலினையும் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள். மருந்தளவை மாற்றும் திட்டத்தை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

மலைக்கே போகாதவருக்கு இந்த ஆராய்ச்சியால் என்ன பயன்?

நாள்பட்ட சிறுநீரக நோயில் எரித்ரோபாய்டின் குறைந்து இரத்தசோகை வரும். ஹிஃப்பை அழிக்கவிடாமல் தடுக்கும் மாத்திரைகள், உடம்பு மலையில் இருப்பதாக அதை ஏமாற்றி எரித்ரோபாய்டினைச் சுரக்கவைக்கின்றன. இந்தியாவிலேயே உருவான டெசிடுஸ்டாட் 2022இல் அனுமதி பெற்றது. ஊசிக்குப் பதில் மாத்திரை.

கீழே இறங்கியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

மூச்சு சில நாளில் பழைய தாளத்துக்கு வந்துவிடும். எரித்ரோபாய்டின் இயல்புக்கும் கீழே இறங்கும், கூடுதலாகச் சேர்ந்த சிவப்பணுக்கள் சில வாரங்களில் குறைந்துவிடும். ஆகவே போன வருஷம் லே போய் வந்தேன், இந்த வருஷம் பழக வேண்டாம் என்பது செல்லாது. பழக்கம் இரண்டு வாரத்தில் போய்விடும், மறுபடி முதலிலிருந்துதான். தசை திரும்பத்தான் நாளாகும். பசி திரும்பியதும் எடை ஏறிவிடும், ஆனால் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. மெலிந்த தொடை பழையபடி வர நடக்கவும் வேண்டும், பருப்பும் முட்டையும் சாப்பிடவும் வேண்டும்.